கலியாண வீட்டில் தாதி தேடிய கதை

இது நடந்தது சில வருடங்களுக்கு முன், ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில். ஒஸ்லோவில் ஒரு கலியாண மண்டபம். மணவறையில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களில் பாதிப் பேர் மாப்பிள்ளை பொம்பிளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் சாப்பாடு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் மேசை மேசையாகப் போய்த் தாதிமாரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. தேடியது என் வேலைக்காக.

நான் ஒஸ்லோவிலேயே பிறந்து வளர்ந்தவன். பொருளியல் படித்துவிட்டு, பெரிய வங்கி எதுவும் என்னை எடுக்காததால், ஒரு சின்னப் பிரதேச சபையின் சுகாதாரப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். ரயில் லில்லெஸ்ட்ரோம் தாண்டிப் போக வேண்டும், பிறகு பஸ் பிடிக்க வேண்டும், பஸ்ஸை விட்டு இறங்கினால் காடு. அந்த ஊரில் ஆட்களைவிட எல்க் மான்கள்தான் கூட என்று என் சிநேகிதர்கள் பகிடி பண்ணுவார்கள். நான் எண்ணிப் பார்க்கவில்லை. இருக்கலாம்.

ஊழியர் ஆளணி, மானியம், வரவு செலவுத் திட்டம், இந்த மூன்றும்தான் என் பொறுப்பு. கேட்க ஏதோ பெரிய உத்தியோகம் போல இருக்கும். உண்மையில் ஒரு தாதிக்குத் தடிமன் காய்ச்சல் வந்தால் என் முழு அட்டவணையும் படுத்துவிடும். நகரத்தில் ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் வருவார். அங்கே இன்னொருவர் என்று ஒருவர் கிடையாது. அந்த இன்னொருவர் எங்கள் தலைவிதான்.

தலைவி என்பது சுகாதாரப் பகுதிக்குப் பொறுப்பான பெண். நோர்வேக்காரி, அறுபதை நெருங்கியவர், தாதியாக இருந்து மேலே வந்தவர். வாயைத் திறந்தால் பாதி வசவு, மீதி வேலை. பகலில் அலுவலகத்தில் என்னைத் திட்டிவிட்டு, ஆள் இல்லாத இரவுகளில் தானே காரை எடுத்துக்கொண்டு நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்விடுவார்.

ஒருநாள் மத்தியானம் என்னையும் ஒரு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காட்டோரத்தில் சிவப்பு மரவீடு. வயதான கணவனும் மனைவியும். கணவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இரவில் பல தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும். எங்கள் ஆள் போகாத இரவுகளில் மனைவியே தனியாகப் புரட்டுவார். அந்த அம்மா எங்களுக்குக் கோப்பி ஊற்றித் தந்தார், மகனைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார், சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதிரையில் தூங்கிப் போனார். தலைவி சத்தம் போடாமல் கோப்பியைக் குடித்து முடித்தார். நாங்கள் மெதுவாக எழும்பி வந்துவிட்டோம்.

காரில் தலைவி விஷயத்தைச் சொன்னார். இரவில் வீடு வீடாகப் போகும் தாதிமாருக்காக அரசு எங்களுக்கு மானியம் தந்திருந்தது. வருட முடிவுக்குள் ஆள் எடுக்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும். போனால் இரவுச் சேவையை மூட வேண்டியதுதான், தன்னால் இனிமேல் இரண்டு ஆளாக இருக்க முடியாது என்றார். அந்த மனிதரைப் பக்கத்து ஊர்ப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டி வரும். "அந்த அம்மாவிடம் போய் அதைச் சொல்ல நான் வரமாட்டேன். உன்னைத்தான் அனுப்புவேன்" என்றார். அவர் சொன்னால் செய்வார்.

ஏற்கெனவே விளம்பரம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. அட்டவணையில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவும் இல்லை. மானியத்தைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்திருந்தேன். இவருக்கு வாரக் கடைசி, அவருக்குத் திங்களும் செவ்வாயும், இன்னொருவருக்கு மிச்சம். ஒரு இரவும் வெறுமையாக இல்லை. எல்லாச் சபைகளும் அப்படித்தான் செய்கின்றன. திரையில் பார்க்க அவ்வளவு வடிவாக இருந்தது. அதில் பெயர்கள் மட்டும்தான் இல்லை.

அப்போதுதான் எங்கள் ஆட்களின் நினைவு வந்தது. ஒஸ்லோவில் தமிழ் வீடுகளில் தாதிமாருக்குப் பஞ்சமா? வடக்கே பாட்ஸ்பியோர்டின் மீன் தொழிற்சாலைகளுக்கு ஒரு காலத்தில் எங்கள் ஆட்கள் எப்படிப் போனார்கள்? ஒருவர் போனார், மற்றவருக்குப் போன் எடுத்து வேலை இருக்கிறது வா என்றார், அவ்வளவுதான். என் அப்பாவும் அப்படிப் போனவர்தான். அந்தப் பனிக்கே போனவர்கள், பஸ் போகும் இந்தக் காட்டுக்கு வரமாட்டார்களா?

தலைவி சரி என்றார், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. அரசாங்க வேலை, முறைப்படி விண்ணப்பித்தவருக்குத்தான் கிடைக்கும், யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே என்றார். ஆகவே நான் பட்டும் படாமலும் கேட்க வேண்டியிருந்தது. அது போதாதென்று, பெரியவர்களிடம் எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வரக்கூடாது, முதலில் வீட்டுச் சுகம் விசாரிக்க வேண்டும் என்று அம்மா என்னைப் பழக்கியிருந்தார்.

இரண்டையும் சேர்த்துக்கொண்டு கலியாண மண்டபத்தில் இறங்கினேன். தாதி வேலை செய்யும் பிள்ளைகள் இருக்கும் தாய்மாரின் பக்கத்தில் போய் இருந்தேன். பிள்ளை எங்கே வேலை? படிப்பு முழுக்க முடிந்துவிட்டதா? இரவு வேலைக்குப் போவாவா? கார் ஓடுவாவா? ஒஸ்லோவை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொன்னால் சம்மதிப்பாவா? ஒரு அன்ரி என் தட்டில் இன்னொரு வடையை வைத்தார். இன்னொருவர் என் வயதைக் கேட்டார். ஒரு மாமா அப்பாவின் ஊரைக் கேட்டார், பிறகு ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். எவ்வளவு அக்கறையான சனங்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. முப்பது வயது தாண்டியும் கலியாணம் ஆகாமல் இருக்கும் ஒருவன், அதுவும் கலியாண வீட்டில், இப்படிக் கேட்டால் என்ன அர்த்தம் என்று என் மரமண்டையில் ஏறவே இல்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். அம்மாவின் முகத்தில் தீபாவளி.

"ஏன்டா, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. ஊரெல்லாம் கேட்டுத் திரிஞ்சிருக்கிறாய்."

அம்மாவின் போனுக்குச் சாதகக் குறிப்புகள் வந்து குவிந்திருந்தன. நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, வெட்கப்படுகிறான் என்று அம்மா சிரித்துக்கொண்டு அடுத்ததைத் திறந்தார். அடுத்த நாள் தலைவி, விண்ணப்பம் ஏதாவது வந்ததா என்று கேட்டார். வந்திருக்கிறது, ஆனால் கிரகநிலையோடு வந்திருக்கிறது என்றேன். விளக்கிச் சொன்னதும் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். சிரித்து முடிய, வருட முடிவு நெருங்குகிறது என்பதையும் ஞாபகப்படுத்தினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்த அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார். கலியாண வீட்டில் எனக்கு வடை வைத்தவர். அவருடைய மகள் ஒஸ்லோவில் தாதி. அன்ரி வருவதாகப் போன் எடுத்ததிலிருந்து அம்மா வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு இஸ்திரி போட்ட சேட்டு வேறு.

"வாங்கோ, வாங்கோ. இந்தக் குளிருக்குள்ள வந்திருக்கிறியள். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்று அம்மா உள்ளே ஓடினார்.

அன்ரி குளிர் ஜக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. என்னை முன்னால் இருத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நீர் நல்ல பிள்ளை. உம்மில எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா என்ர மகளுக்கு ஏற்கெனவே ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. போனில சொன்னா உம்மட மனம் நோகும் எண்டுதான் நேர வந்தனான்."

"அன்ரி, நான் பொம்பிளை பாக்கேல்லை. வேலைக்குத்தான் ஆள் பாக்கிறன்" என்றேன்.

தேநீரோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "அப்ப அந்தக் குறிப்புகள்?" என்று மட்டும் கேட்டார். அன்ரிக்கு ஒரு விநாடி விளங்கவில்லை, விளங்கியதும் சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கடைசியில் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஏமாற்றத்தோடுதான்.

பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். காட்டை, மானியத்தை, சிவப்பு வீட்டை, கதிரையில் தூங்கிப் போன அந்த அம்மாவை. அன்ரியின் சிரிப்பு நின்றது. ஜக்கெட்டைக் கழற்றினார்.

"முழு வேலையோ தம்பி?"

"இல்லை அன்ரி, துண்டு துண்டாத்தான் பிரிச்சிருக்கு."

"துண்டு வேலைக்கு ஆர் அந்தக் காட்டுக்கு வருவினம்? உமக்கு விசரே?"

அன்ரியும் தாதிதான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மகளைப் பற்றியே விசாரித்தவன், தாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கலியாணமாகி நேரே பாட்ஸ்பியோர்டில் போய் இறங்கி, மீன் வெட்டி, ஒஸ்லோ வந்து, நாற்பது வயது தாண்டித் தாதிப் படிப்புப் படித்தவர். படித்த நாளிலிருந்து அரை வேலைதான். மிச்சத்துக்கு யாராவது வராத நாளில் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்களோ என்று போனைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம், குளிக்கும்போதும் போன் பக்கத்தில் இருக்குமாம்.

"மகள் வரமாட்டா, நான் வரட்டே? ஒரு கிழமை ஏழு நாளும் அங்கை நிண்டு இரவு முழுக்கச் செய்யிறன், மற்றக் கிழமை இஞ்சை வந்து வீட்டில நிக்கிறன். ஆனா முழு வேலையா இருக்க வேணும். வீட்டுக்காரர் அந்தக் கிழமை தானே சமைச்சுச் சாப்பிடட்டும், பழகட்டும்."

அன்றிரவு எனக்குப் பெரிதாக நித்திரை இல்லை. கடலில் எண்ணெய் எடுப்பவர்கள் இப்படி மாறி மாறி வேலை செய்வது எனக்குத் தெரியும். தாதிமாரை வைத்து யோசிக்கத் தோன்றவில்லை. காலையில் அலுவலகத்துக்குப் போய் என் வடிவான அட்டவணையை அழித்தேன். அதே பணத்துக்கு இரண்டு முழு வேலைகள் வந்தன. ஒருவர் ஒரு கிழமை, மற்றவர் அடுத்த கிழமை. சபைக்குச் சொந்தமான ஒரு வீடு சும்மா கிடந்தது, தங்குவதற்கு அது. தலைவி திரையைப் பார்த்தார், ஒரு நல்ல கெட்ட வார்த்தை சொன்னார். அவரிடம் அது பாராட்டு.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். தொடர்ந்து ஏழு இரவு வேலை என்றால் தொழிற்சங்கம் சம்மதிக்க வேண்டும். முதலில் முடியாது என்றார்கள். தலைவி போய்ப் பேசினார், அவர்கள் சில நிபந்தனைகள் போட்டுச் சம்மதித்தார்கள். மானியம் தந்த அலுவலகத்துக்கும் போன் எடுத்தோம். தாராளமாக மாற்றலாம் என்ற அதிகாரி, முதலில் ஏன் இப்படி வெட்டிப் பிரித்தீர்கள் என்று கேட்டார். தலைவி போனை என் பக்கம் நீட்டினார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

புது விளம்பரம் போட்டதும் விண்ணப்பங்கள் வந்தன. அன்ரி, அன்ரியோடு வேலை செய்யும் இரண்டு பேர், லில்லெஸ்ட்ரோமிலிருந்து ஒரு நோர்வே மனிதர். அன்ரியை எனக்குத் தெரியும் என்பதால் நேர்முகத்தில் நான் இருக்கக்கூடாது. வெளியே நடந்துகொண்டிருந்தேன். முடிந்து வந்த தலைவி, தான் கேட்டதைவிட அந்தப் பெண் தன்னிடம் கேட்டதுதான் கூட என்றார். அன்ரியும் அந்த லில்லெஸ்ட்ரோம்காரரும் எடுக்கப்பட்டார்கள். நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால், டிசம்பரில்தான் கையெழுத்தாகியது. அம்மா மட்டும் இன்றைக்கும் அந்தக் குறிப்புகளை அழிக்கவில்லை.

புது வருடம் பிறந்தது, அன்ரியின் முதல் இரவும் வந்தது. அடுத்த நாள் காலை நான் அலுவலகத்துக்குள் நுழையும்போது தலைவியின் போன் அடித்தது. சிவப்பு வீட்டு இலக்கம். எங்களுக்குக் காலையில் போன் வருவதென்றால் ஏதோ பிழைத்துவிட்டது என்றுதான் அர்த்தம். தலைவி கேட்டுக்கொண்டிருந்தார். நெடுநேரம் கேட்டார். ஓம், ஓம் என்று மட்டும் சொன்னார். அன்ரியை இந்தக் காட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தானே.

போனை வைத்துவிட்டுத் தலைவி கார் நிற்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ஒன்றும் நடக்கவில்லையாம். அதைச் சொல்லத்தான் எடுத்தாராம்."

சிவப்பு வீட்டு அம்மா விடியும்வரை தூங்கியிருக்கிறார். பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவை. இரவில் அன்ரி வந்து வந்து கணவரைப் புரட்டிவிட்டுப் போனது அவருக்குக் கேட்கவே இல்லை. கண் விழித்ததும் வீடு அமைதியாக இருக்கவே, கணவர் போய்விட்டார் என்று பயந்து ஓடியிருக்கிறார். அவரோ உலர்ந்த துணியில், திரும்பிப் படுத்தபடி, கோப்பி எங்கே என்று கேட்டாராம். எங்கள் தலைவி அன்று வசவு எதுவும் சொல்லவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

இப்போதும் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வரவு செலவுத் திட்டம் எழுத உட்காரும்போது, இரவுச் சேவை என்ற வரியில் கொஞ்சம் வெட்டலாமா என்று யாராவது கேட்பார்கள். அந்த வரிக்குள் ஒரு அம்மா தூங்குகிறார், சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டும்போல் இருக்கும் எனக்கு.