அளவு ரவிக்கை

இந்த ஊரில் ஒருத்தி நடந்து போனால் கார்கள் நின்றுவிடும். ஒஹையோவுக்கு வந்த புதிதில் பால் வாங்க நடந்து கிளம்பினேன். பக்கத்தில் காரை நிறுத்திய வெள்ளைக்காரப் பெண்மணி, "உங்கள் கார் எங்கே நின்றுபோயிற்று?" என்று கவலையோடு கேட்டார். சும்மா நடக்கிறேன் என்றேன். "வீட்டில் ஏதாவது சண்டையா?" என்றார். எத்தனை சொல்லியும் நம்பாமல் என்னை ஏற்றிக்கொண்டுபோய்க் கடை வாசலில் இறக்கிவிட்டார். வெட்கமாகிப்போய், அதோடு நடப்பதையே விட்டேன். கணவர் வேலைக்குப் போனபின் வீட்டில் நானும் டிவியும் ஃபிரிட்ஜும்தான். பேச ஆளில்லாத வாய் வேறு வேலை தேடிக்கொண்டது. ரொட்டியில் வெண்ணெய், வெண்ணெய்மேல் ஜாம், அப்புறம் டப்பாவோடு ஐஸ்கிரீம். பசித்துத் தின்றேன் என்று சொல்ல மாட்டேன்.

சேலையூரில் இருந்தபோது தாம்பரம் ஸ்டேஷனுக்கு அரக்கப்பரக்க நடந்து, பாலமேறி இறங்கி, எலெக்ட்ரிக் ரயிலைப் பிடித்து, எழும்பூரில் இறங்கி மறுபடி ஆபீசுக்கு நடப்பேன். அதற்கு உடற்பயிற்சி என்று யாரும் பேர் வைக்கவில்லை. மதியம் டப்பாவில் மோர்சாதம், ராத்திரி ரேஷன் கோதுமைச் சப்பாத்தி. ஊதினால் பறந்துவிடுவாள் என்று என்னைக் கேலி செய்வார்கள்.

எழுபதுகளின் நடுவில், தங்கை ஸ்டெல்லாவின் கல்யாணத்துக்காக ஊர் திரும்பினேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அம்மா பெட்டியை வாங்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டு அக்காதான், "நல்லா பூசினாப்ல வந்திருக்கியேம்மா! சீமைப் பால் ஒட்டியிருக்கு" என்றார். அவர் பாராட்டத்தான் செய்தார். எனக்கோ உடம்பு கூசியது. அருகில் நின்ற கல்யாணப் பெண்ணுக்குக் கழுத்தெலும்பு தெரிந்தது. டீச்சர் வேலைக்கு ராஜகீழ்ப்பாக்கம்வரை தினமும் நடந்து போய்வருகிறவள் அவள்.

சாப்பாட்டில் எனக்கு மட்டும் வெளிக்கடையில் வாங்கிய நல்ல அரிசிச் சோறு, உருக்கிய நெய். மற்றவர்கள் தட்டில் வாடையடிக்கும் ரேஷன் சோறு. வேண்டாமென்றேன். "அங்க சோறு கிடைக்காம வாடிப்போயிருப்பன்னு எடுத்து வச்சிருந்தேன். சாப்பிடும்மா" என்றாள் அம்மா. எல்லோரும் பார்த்திருக்க, அந்த உடம்போடு உட்கார்ந்து அதைத் தின்றேன்.

வரவேற்பில் அக்காவும் தங்கையும் ஒரே அரக்குப் பட்டில் நிற்க வேண்டுமென்பது அம்மாவின் ஆசை. தையற்காரரிடம் நாம் நேரில் போய் அளவா கொடுக்கிறோம்? பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்தனுப்பினால் போதும். நான் விட்டுப்போன ரவிக்கையை அம்மா அளவுக்குக் கொடுத்திருக்கிறாள். போதாக்குறைக்கு, "இளைச்சிருப்பா, கொஞ்சம் பிடிச்சே தைங்க" என்றும் சொல்லியிருக்கிறாள்.

புது ரவிக்கை என் முழங்கையைத் தாண்டவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அது. தாம்பரம் பஜாரில் தையற்காரர் ரவிக்கையை விரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "உள்ள துணியே வுடலயேம்மா. அம்மாதான் பிடிச்சுத் தைக்கச் சொன்னாங்க. பட்டும் மிச்சம் இல்ல. கல்யாணப் பொண்ணு ரவிக்கைலதான் மூணு விரக்கடை வுட்டுகீறேன், கண்ணாலத்துக்கப்புறம் ஒடம்பு வைக்கும்ல?"

வேறு ரவிக்கை போட்டுக்கொள்கிறேன் என்று நான் சொல்வதற்குள், கூட வந்த ஸ்டெல்லா தன் ரவிக்கையை மேசைமேல் வைத்தாள். "உள்ள விட்ட அந்தத் துணியை வெட்டி அக்காவுக்குப் போட்டுருங்க அண்ணா."

"ஏய், உனக்கு வேணும்டி!"

"எனக்கெதுக்குக்கா? இந்த ரேஷன் அரிசியில நான் எங்க பூசப்போறேன்?" என்று சிரித்தாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் கோபித்துக்கொண்டாவது தப்பித்திருப்பேன். கத்தரி ஓடுவதைப் பார்க்கமாட்டாமல் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன். வரவேற்பு முழுக்க, அக்குளில் ஒட்டுப்போட்ட இடம் தெரியாதிருக்கக் கையை இடுக்கிக்கொண்டே நின்றேன். வந்தவர்கள் கும்பிட்டபோதுகூடச் சரியாகக் கைகுவிக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்தவளுக்கு மண்டைக்கனம் என்று பேசிக்கொண்டார்களாம். பேசட்டும், உண்மையைவிட அது எவ்வளவோ மேல்.

இங்கே துணிக்கடைக்காரி இன்றும், "நீங்கள் எத்தனை சின்ன உருவம்!" என்று ஆச்சரியப்பட்டுச் சின்ன அளவுகள் தொங்கும் பக்கம் கூட்டிப்போகிறாள். போன மாதம் ஸ்டெல்லாவிடமிருந்து கடிதம் வந்தது. பிள்ளை பெற்றபின் உடம்பு வைத்துவிட்டதாம். கல்யாண ரவிக்கை பற்றவில்லையாம், பிரித்துவிட உள்ளே துணியுமில்லையாம். சிரித்துக்கொண்டேதான் எழுதியிருப்பாள். அவள் துணி என் அலமாரியில் இருக்கிறது. எனக்கும் அது இப்போது பற்றுவதில்லை.