சிஞ்ஞோரா எமிலியானாவின் கசெற்

சிவமலர் களவெடுக்கிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னோடு சண்டைக்கு வரவேண்டாம். இத்தாலியிலே பலேர்மோவுக்கு வந்து இருபத்தாறு வருடம். அதில் இருபத்து மூன்று வருடம் லிபெர்த்தா வீதியில் ஒரே வீட்டில் வேலை, ஒரே சிஞ்ஞோரா, வீட்டுக்கார அம்மா. கபோச் சந்தைக்கு மேலே இருக்கும் தன் வீட்டிலிருந்து ஏழரைக்கு இறங்கினாளென்றால் எட்டு மணிக்கு அங்கே கோப்பி கொதிக்கும். எந்தக் குளிசை எந்த நேரம் விழுங்குவது என்று சிஞ்ஞோராவின் மகனுக்குத் தெரியாது, இவளுக்குத் தெரியும்.

சிஞ்ஞோரா எமிலியானாவுக்கு எண்பத்து மூன்று வயது. துறைமுகத்தில் வேலை செய்த தகப்பன் அமெரிக்க மாலுமிகளிடம் வாங்கிவந்த இசைத்தட்டுகளைக் கேட்டு, பாதி அர்த்தம் தெரியாமலேயே கன்ட்ரி பாட்டுப் பழகியவர். 1981இல் இந்த ஊரில் ஒரு சின்னத் தனியார் தொலைக்காட்சி இருந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் பல்சுவை நிகழ்ச்சி. மந்திரவித்தை காட்டுபவர், பகிடி விடுபவர், நாய்க்குட்டிகளை வளையத்துக்குள்ளால் பாயவைக்கும் ஒரு பெண், இவர்களுக்கு நடுவே வெள்ளைத் தொப்பியும் குஞ்சம் தொங்கும் சட்டையுமாகக் கிற்றாரோடு எமிலியானா. ஆறு சனிக்கிழமை பாடினார். பிறகு அந்தத் தொலைக்காட்சியை மூடிவிட்டார்கள், பதிவுகளும் குப்பைக்குப் போயின. கடைசிச் சனிக்கிழமை நிகழ்ச்சியை மட்டும் அவருடைய கணவர் வீட்டில் ஒரு வீடியோக் கசெற்றில் முழுதாகப் பதிந்து வைத்திருந்தார், அதன் முடிவில்தான் இவருடைய பாட்டு.

அந்தக் கசெற்றைத்தான் சிவமலர் எடுத்தாள்.

2003இல் அவளுடைய மகள் கேசிகா பெரியபிள்ளையானாள். சாமத்தியவீட்டுக்கு மண்டபம் எடுத்து, பலகாரம் சுட்டு, ஊரைக் கூப்பிட்டாயிற்று. அந்தக் காலத்தில் பலேர்மோத் தமிழருக்கு வீடியோ என்றால் சுவாம்பிள்ளைதான். நல்ல மனிசன், ஆனால் எடுத்த வீடியோவில் எங்களுக்கொரு கொப்பி வேண்டுமென்றால் கசெற்றை நாங்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் கேட்ட அன்று ஞாயிற்றுக்கிழமை, கடைகள் பூட்டு. அன்றும் அவளுக்கு வேலை. சிஞ்ஞோரா வீட்டு அலுமாரியில் பெயர் எழுதாத ஒரு கசெற் கிடந்தது. கேட்டிருக்கலாம்தான். கேட்டால் எதற்கு என்பார். மகள் பெரிசானதுக்கு என்று இத்தாலியனில் எந்த வாயால் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. பேசாமல் எடுத்துப் பையில் வைத்தாள். திங்கட்கிழமை புதுக் கசெற் ஒன்று வாங்கி அதே இடத்தில் வைத்தும் விட்டாள். ஒன்றுக்கு ஒன்று, கணக்குச் சரி என்று நிம்மதியாக இருந்தாள். இருபத்திரண்டு வருடம் அப்படியே போயிற்று.

இந்த வருடம் பங்குனியில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பழைய உள்ளூர்த் தொலைக்காட்சிகளைப் பற்றி நகரத்தில் ஒரு மாலை நடத்துகிறார்களாம், பாடியவர்களிடம் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று கேட்டார்கள். சிஞ்ஞோராவுக்கு முகம் கொள்ளாத சந்தோசம். அலுமாரியைத் திறந்து கசெற்றை எடுத்து, தூசி தட்டி, பழைய வீடியோப் பெட்டிக்குள் தானே போட்டார். திரை முழுக்க வெறும் இரைச்சல். வெளியே எடுத்து இன்னொருமுறை போட்டார். அதே இரைச்சல்.

அப்போதுதான் சிவமலருக்கு, அது தான் வாங்கிவைத்த புதுக் கசெற் என்று விளங்கியது.

"இது அது இல்லை" என்றார் சிஞ்ஞோரா. "அழியாமல் இருக்க என் கணவர் இந்த ஓரத்துத் துண்டை உடைத்துவிட்டார். இதில் உடையாமல் இருக்கிறது, பார்."

அன்று மாலை ஜெனோவாவிலிருந்து மகன் தொலைபேசியில் பேசினார். ஒலிபெருக்கியில் எல்லாம் சிவமலருக்குக் கேட்டது. "அம்மா, நான் பிள்ளையாக இருக்கும்போதும் இந்தக் கதையைச் சொல்வீர்கள். அப்படியொரு கசெற்றை நான் கண்டதேயில்லை. போன மாதம் அடுப்பை அணைக்க மறந்தீர்கள். இப்போது இது. ஞாபகசக்திக்கு ஒரு டொக்டரிடம் நேரம் எடுக்கிறேன். பிறகு இந்த வீட்டைப் பற்றியும் யோசிப்போம்."

சிஞ்ஞோரா எதிர்த்துக் கத்துவார் என்று சிவமலர் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கத்தவில்லை. கசெற்றை மடியில் வைத்துக்கொண்டு, "மலர், நான் பாடினேன்தானே?" என்று கேட்டார். இந்த ஒரு கேள்விதான் சிவமலரைக் கொன்றது. கிழவி கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வீட்டில் புருசன் ஆனந்தராசாவிடம் சொன்னாள். அவர் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

"வாயை மூடிக்கொண்டு இரும். இருபத்து மூண்டு வருச வேலையப்பா. களவு எண்டு மகன்காரன் பொலிசிலை எழுதிக் குடுத்தால் எங்கை போய் நிக்கிறது?"

"அந்த மனிசிக்கு விசர் எண்டு சொல்லப் போயினம். என்னாலை."

"உம்மாலை இல்லை. வயசாலை."

"கதையாதையுங்கோ" என்றாள். பழைய சாமான் பெட்டியைத் திறந்து, கேசிகாவின் பெயர் எழுதிய கசெற்றை எடுத்தாள். ஓரத்துத் துண்டு உடைந்திருந்தது. அந்த ஓட்டையின்மேல் சுவாம்பிள்ளை ஒட்டிய ஒட்டுநாடா மஞ்சளாகிப்போயிருந்தது. இப்படி நாடா ஒட்டினால்தான் உடைத்த கசெற்றில் திரும்பப் பதியலாம். அந்த மனிசனுக்கும் ஒரு சொல் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

அடுத்தநாள் எட்டு மணிக்குக் கோப்பி கொதிக்கவில்லை. சிவமலர் கசெற்றைச் சிஞ்ஞோராவின் முன்னால் வைத்து, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள்.  சிஞ்ஞோரா விரலால் அந்த மஞ்சள் நாடாவைத் தடவினார்.

"ஏன் என்னைக் கேட்கவில்லை?"

"வெக்கமாயிருந்தது, சிஞ்ஞோரா."

"போடு."

திரையில் மண்டபம் வந்தது. சிவப்புச் சேலையில் தலைநிறையப் பூவோடு கேசிகா. பெண்கள் வரிசையாகத் தட்டுகளோடு வந்தார்கள், இரண்டு பேர் ஆலாத்தி எடுத்தார்கள். "இது கல்யாணமா?" என்று கேட்டார் சிஞ்ஞோரா. இல்லை என்று சொல்லி, அன்றைக்குச் சொல்ல வெட்கப்பட்டதை எல்லாம் சிவமலர் இப்போது விளங்கப்படுத்தினாள்.

"எங்கள் அம்மா அதை என் தகப்பனுக்கே மறைத்தார்" என்றார் சிஞ்ஞோரா. "நீங்கள் மண்டபம் எடுக்கிறீர்களா?" சிரித்தார். பிறகு முகம் இறுகியது. "சிரித்ததால் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. எனக்குக் கோபம். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கோபமாக இருப்பேன்."

"ஓம், சிஞ்ஞோரா."

நாற்பது நிமிடம் இரண்டு பேரும் அசையாமல் இருந்தார்கள். கேசிகா கேக் வெட்டினாள். திரையில் ஒரு கோடு ஓடியது, படம் குலுங்கியது, பிறகு ஒரு வெள்ளைத் தொப்பி.

பாட்டின் கடைசி இரண்டு வரிதான் மிஞ்சியிருந்தது. முப்பத்தொன்பது வயது எமிலியானா கிற்றாரை ஒருமுறை தட்டி, தலையை நிமிர்த்திப் பாடி முடித்தார். உடனே கைதட்டல். அது நிற்கவேயில்லை. அறிவிப்பாளர் பெயரைச் சொல்லிக் கையை உயர்த்தியும் சனம் விடவில்லை. எமிலியானா தொப்பியைக் கழற்றிக் குனிந்தார், திரும்பவும் குனிந்தார். நாய்க்காரப் பெண்கூட ஓரத்தில் நின்று தட்டினாள். பிறகு கசெற் முடிந்தது.

சிவமலர் அழுதாள். "பாட்டு முழுக்க என்னாலை போச்சு."

"பாட்டு எனக்குத் தெரியும், பைத்தியக்காரி. இப்பவும் பாடுவேன்" என்றார் சிஞ்ஞோரா. அவருடைய கண்ணும் நிறைந்திருந்தது. "கைதட்டல்தான் மறந்துபோயிருந்தது."

கொஞ்சம் பின்னால் ஓட்டச் சொன்னார். ஜெனோவாவுக்கு அழைக்கச் சொல்லி, தொலைபேசியை வாங்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டு வரிப் பாட்டு, பெயர், கைதட்டல், எல்லாம் அந்தப் பக்கம் போயிற்று. 

"அம்மா" என்றார் மகன், "பாடினது நீங்களா?"

"நான்தான்" என்றார் சிஞ்ஞோரா.