கஸ்பார் பிடித்த கயிறு

என் அண்ணன் கஸ்பாரை அடக்கம் செய்து முப்பத்தொரு நாள் ஆகிறது. நேற்று முப்பதாம் நாள் பூசை. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது தெரிந்த பெண் ஒருத்தி, "ஒங்க அண்ணன் கொஞ்சம் ஒரு மாதிரிலா, பாவம்" என்று அனுதாபமாகத்தான் சொன்னாள். அவளிடம் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லியிருந்தால் இவ்வளவும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

எங்கள் கடற்கரைத் திரேஸ்புரத்தில் கடலடியில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகிறவரின் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். மறுமுனை படகில் இன்னொருவர் கையில் இருக்கும். கீழே இருப்பவர் ஒரு தடவை இழுத்தால் நலம். மூன்று தடவை இழுத்தால் தூக்க வேண்டும். இப்போது படகில் கம்ப்ரசர் ஓடுகிறது, குழாய் வழியாகக் கீழே காற்று போகிறது. ஆனாலும் கயிறு இருக்கிறது. அதைப் பிடிப்பதில் எங்கள் பக்கம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. குளிக்கிறவருடைய மனைவியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். தன் அக்காளோ தங்கையோ தாலி இழப்பதை எவனும் விரும்பமாட்டான், அதனால் அவன் கண் அசராது என்று ஒரு நம்பிக்கை.

என் கணவர் இன்னாசியின் கயிற்றைக் கஸ்பார் ஏழு வருடம் பிடித்தான். எட்டாவது வருடம் ஒரு மாசி மாதக் காலையில் கைவிட்டான்.

அன்று குழாய் எங்கோ மடங்கிக் காற்று நின்றுவிட்டது. கயிற்றை இழுத்துச் சொல்லக்கூட நேரமில்லாமல் இன்னாசி மேலே வந்தார். முகக் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வாய் திறந்து, கண் பிதுங்க, படகை நோக்கிக் கையை நீட்டினார். கயிற்றை இழுத்து அவரைப் படகோடு சேர்க்க வேண்டியவன் கஸ்பார். அவன் அந்த முகத்தைப் பார்த்தான். கயிற்றைக் கீழே போட்டான். படகின் பின்பக்கம் போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டான். மற்ற இரண்டு பேர்தான் இன்னாசியின் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள்.

மச்சான் மாப்பிள்ளையைக் கைவிட்டான் என்று தெருவில் யாரும் பேசவில்லை. அண்ணன் தங்கையைக் கைவிட்டான் என்றே பேசினார்கள். "தங்கச்சி தாலியக் கடல்ல போட்டுட்டு சும்மா ஒக்காந்திருந்தானாம்லா" என்று குழாயடியில் என் காதுபடவே சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. நானும் அப்படி நினைத்ததைத்தான் இப்போது தாங்க முடியவில்லை.

அடுத்த சில வாரங்களில் அவன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். படகில் ஓடும் கம்ப்ரசர் சத்தத்துக்குள்ளே யாரோ தன்னைப் பற்றிப் பேசியதாகச் சொன்னான். சோற்றைப் பிசைந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தான். மனச்சிதைவு என்று டாக்டர் சொன்னார். கல்லூரியில் நான் விலங்கியல் படித்தவள். நண்டுக்கு நரம்பு எப்படி ஓடுகிறது என்று கோடு பிசகாமல் வரைந்து மார்க் வாங்கியவள். ஒரே வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மாத்திரையால் ஒரு வருடத்தில் குரல்கள் அடங்கின. முகம் மட்டும் திரும்பி வரவில்லை. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை, கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. ஆனால் காலையில் படகு புறப்படும் நேரத்துக்குச் சரியாகக் கரைக்குப் போய் நிற்பான்.

"மாப்ள, கயிறு பிடிக்க நான் வரட்டா?"

"பாப்போம் மச்சான்."

இரண்டு வருடம் அதே கேள்வி, அதே பதில். கயிறு அதற்குள் வேறொருவர் கைக்குப் போயிருந்தது. படகு போன பிறகும் அரை மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வருவான். அவன் வேறு எதையும் எங்களிடம் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் மருத்துவமனையில் சுடலைச்செல்வியைப் பார்த்தோம். ஆத்தூர்ப் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். மனநோய் உள்ளவர்கள் அடுத்தவர் மனதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். விருப்பம் இருந்தால் கலந்துகொள்ளலாம், பாதியில் எழுந்தும் போகலாம் என்றாள். கஸ்பார் கையெழுத்துப் போட்டான். நானும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றான்.

மடிக்கணினியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் வந்தது.

"இவுங்க மனசுல என்ன இருக்குன்னு சொல்லுங்க அண்ணாச்சி."

"இது யாரு?"

"யாருங்கிறது முக்கியமில்ல. மூஞ்சியப் பாத்து சொல்லுங்க."

"யாருன்னே தெரியாம அவ மனசுல இருக்கத நான் எப்படிச் சொல்லுவேன்? தப்புலா?"

சுடலைச்செல்வி சிரித்துவிட்டாள். உடனே நிறுத்திக்கொண்டு, "நீங்க சொல்லுதது நியாயந்தான். ஆனா பரீட்சை அப்படி. தோணுறத சொல்லுங்க" என்றாள்.

வெளிநாட்டு முகங்கள் முடிந்து, அவளே எடுத்த நம்மூர் ஆட்களின் படங்கள் வந்தன. சந்தோஷ முகங்களைக் கஸ்பார் சரியாகச் சொன்னான். அழும் முகத்தையும் சொன்னான். பிறகு ஓர் ஆளின் முகம் வந்தது. வாய் திறந்திருந்தது, கண் விரிந்திருந்தது.

"கோவம்" என்றான்.

அடுத்து ஒரு பெண், அதே மாதிரி. "கோவம்." பயந்த முகங்கள் மொத்தம் ஐந்து வந்தன. ஐந்தையும் கோபம் என்றான். கடைசிப் படத்தில், "என் மேல கோவம்" என்று சேர்த்துச் சொன்னான்.

சுடலைச்செல்வியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு அந்தப் படத்தை மறுபடி வைக்கச் சொன்னேன்.

"அண்ணே, அன்னைக்குப் படகுல அவரு மூஞ்சி இப்படியா இருந்துச்சு?"

"இதேதான். என்னையக் கொல்லணும்னு பாத்தான். கிட்டக்க இருந்தா இன்னும் கோவம் கூடும்லா. அதான் அங்கன தள்ளிப் போயி இருந்தேன்."

சுடலைச்செல்வி திரையை மூடினாள். என்ன நடந்தது என்று கேட்டாள், சொன்னேன். "இந்த வியாதியில பயத்தக் கோவம்னு எடுத்துக்கிடுததப் பாத்திருக்கேன் அக்கா. பாசம் இல்லாதது வேற, மூஞ்சியப் படிக்கத் தெரியாம போறது வேற. எல்லாருக்கும் இப்படித்தான்னு நான் சொல்லமாட்டேன், ஆராய்ச்சி இன்னும் முடியல. ஆனா அண்ணாச்சி விசயத்துல நீங்களே கண்ணால பாத்தீங்க" என்றாள்.

மத்தியானம் குசினியில் இன்னாசி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றது.

"அந்த மூஞ்சிய நீ செஞ்சு காட்டு."

செய்து காட்டினேன். எழுந்துபோய்ச் சுவர்க் கண்ணாடியில் தானும் அப்படிச் செய்து பார்த்தார். சிரிக்க வேண்டிய காட்சிதான், நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"ஏளா, கடல்ல பயந்தேன்னு நான் ஒருத்தன்ட்டயும் சொன்னதில்லையே" என்றார்.

கையைக் கழுவிவிட்டுக் கஸ்பாரின் அறைக்குப் போனார். நான் கதவோரம் நின்றேன்.

"மச்சான், அன்னைக்கு எனக்குக் கோவம் இல்ல. பயந்துட்டேன். செத்துருவேன்னு பயந்துட்டேன்."

கஸ்பார் அவரை நிமிர்ந்து பார்த்தான். "நீயா?"

"நாந்தான்."

"பயந்தா சொல்லணும்லா மாப்ள."

"இனி சொல்லுதேன்."

படகுச் சொந்தக்காரர் அய்யாக்குட்டி லேசில் சம்மதிக்கவில்லை. பரீட்சை விஷயம் எப்படியோ அவர்வரை போயிருந்தது.

"ஏலே இன்னாசி, பாதிக்கு மேல பெயிலாம்லா. அவன் கையிலயா உசுரக் குடுக்கப் போற?"

"அது மூஞ்சி பாக்குற பரீட்சை அண்ணாச்சி. தண்ணிக்கு அடியில எனக்கு ஏது மூஞ்சி?"

"மேல வந்தா?"

"மேல வந்தா வாயால சொல்லுவேன்."

சுடலைச்செல்வியும் உறுதி எதுவும் தரவில்லை. கயிறு பிடிக்கலாமா கூடாதா என்பதைத் தன் ஆராய்ச்சி சொல்லாது என்றாள். டாக்டர், பகலில் தூக்கம் வராதபடி மாத்திரை நேரத்தை மாற்றி, பக்கத்தில் இன்னொருவர் எப்போதும் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அந்த ஏற்பாட்டோடு கஸ்பார் மறுபடி படகேறினான்.

முதல் நாள் நடந்ததைப் படகுக்காரர்கள் சொல்லி எனக்குத் தெரியும். இன்னாசி இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கயிறு லேசாக ஆடியது. மீன் உரசியிருக்கலாம். கஸ்பார் மளமளவென்று இழுத்து அவரை மேலே கொண்டுவந்துவிட்டான். நல்ல சங்கு கிடந்த இடம். இன்னாசி தண்ணீரைத் துப்பிவிட்டுக் கத்தினார்.

"மச்சான், இப்ப எனக்குக் கோவம். பயம் இல்ல, கோவந்தான்."

"கோவந்தானே? சரி" என்று கஸ்பார் நிம்மதியாகக் கயிற்றைச் சுருட்டினானாம்.

படகில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். "இது என்ன சிரிப்பு?" என்று கஸ்பார் கேட்டிருக்கிறான். "நம்ம ரெண்டு பேத்தையும் சேத்துச் சிரிக்கானுவ. கெட்ட சிரிப்பு இல்ல" என்று இன்னாசி சொல்லிவிட்டு மறுபடி இறங்கியிருக்கிறார்.

அதன் பிறகு எட்டு வருடம். அவன் யாரையும் அதிசயமாகக் காப்பாற்றிய கதை என்னிடம் இல்லை. அவன் கயிறு பிடித்த நாட்களில் மற்றப் படகுகளைவிடச் சங்கு குறைவாகத்தான் வந்தது. சந்தேகம் வந்தால் இழுத்துவிடுவான், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை வீணாக இழுப்பான். அய்யாக்குட்டி அண்ணாச்சி திட்டுவார். திட்டுவதற்கு முன்னால், "இப்ப கோவமா சொல்லுதேன் கேட்டுக்கோ" என்பார். அவருக்கும் பழகிவிட்டது.

வீட்டுக்கும் அந்தப் பழக்கம் வந்தது. மகள் ஏஞ்சலின் பள்ளிக்கூடத்திலிருந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், "மாமா, எனக்குக் கோவம். ஆனா ஒங்க மேல இல்ல, கணக்கு டீச்சர் மேல" என்று அறிவித்துவிட்டுத்தான் பையை வைப்பாள். எங்கள் வீட்டில் வானிலை அறிக்கை வாசிக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் கேலி செய்தார்கள். கல்யாணமாகிப் பத்துப் பதினோரு வருடமாக இன்னாசி மனதில் என்ன இருக்கிறது என்று ஊகித்தே காலம் தள்ளியவள் நான். "இன்னைக்கு மனசு சரியில்லளா" என்று அவர் வாய்விட்டுச் சொல்வதை அந்த வருடங்களில்தான் கேட்டேன். அது கஸ்பாருக்காக வந்தது, எனக்கும் கிடைத்தது.

ஒரு நாள் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "இப்ப எனக்குச் சந்தோசம்" என்றான். எதற்கு என்று கேட்டேன். "சும்மா" என்றான். அந்த முகத்தை வைத்து நான் அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

போன மாதம் காலையில் படகுக்குப் போக எழுப்பப் போனேன். உடம்பு குளிர்ந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள். வயது நாற்பத்தாறு.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்க இரண்டு கயிறு போட்டார்கள். தலைப்பக்கக் கயிற்றின் ஒரு முனையை இன்னாசி கேட்டு வாங்கிக்கொண்டார். மற்ற முனைகளைப் படகுக்காரர்கள் பிடித்தார்கள். பெட்டி ஆடாமல் இறங்கித் தரையில் உட்கார்ந்தது. இனி இந்தப் பக்கம் முனையை விட்டால்தான் அந்தப் பக்கமிருந்து கயிற்றை உருவ முடியும். கால்பக்கக் கயிற்றை அப்படியே உருவிவிட்டார்கள். இன்னாசி விடவில்லை.

"விடுங்க அண்ணாச்சி, மண்ணு போடணும்" என்றான் குழி வெட்டியவன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குழிக்குள் குனிந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, படகில் சொல்வது போலவே சொன்னார்.

"மச்சான், கயித்த விடுதேன். கோவத்துல இல்ல."

படகுக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. கயிறு அவர் கையிலிருந்து மெதுவாக உள்ளே போனது.