வலையில்லாத மீன்பிடி

போன வாரம் என் சொந்தச் சித்தியை நானே கணக்கிலிருந்து காணாமல் அடித்தேன். நல்ல மனதோடுதான் செய்தேன்… அதுதான் கொடுமை.

நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டியில், சர்வே எடுத்துக் கொடுக்கும் ஒரு சின்ன ஆபீஸில். காட்டுப்பள்ளிப் பக்கம், உப்பங்கழிக்கு நடுவே ஒரு லாரி ரோடு வரப்போகிறது. கழியை நம்பிப் பிழைப்பவர்கள் இருந்தால், தண்ணீர் போய்வர ரோட்டுக்கு அடியில் பாலம் விட வேண்டும். இல்லையென்றால் மண்ணைக் கொட்டி அடைத்துவிடலாம். படிவத்தில் இரண்டே கேள்வி – படகு எத்தனை? வலை எத்தனை?

எங்கள் இருளர் குடியிருப்பு அந்தக் கழியோரம்தான். எங்களிடம் படகு கிடையாது, வலையும் கிடையாது. பொய் எழுதலாமா? இரண்டுக்கும் பூஜ்யம் போட்டேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதியே பாஸ் ஆனவன்… பழக்கம் விடுமா?

சாயங்காலம் கன்னியம்மா சித்தியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"இன்னாடா எய்தின?"

"படகு இல்ல, வலை இல்லன்னு."

"அப்ப நாங்க இம்மாம் வருசமா தண்ணில குந்திக்கினு வெளாடிக்கினா இருந்தோம்?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஆட்கள் இறாலைக் கையால் தடவிப் பிடிப்பவர்கள். அம்மாவும் சித்தியும் அப்படிப் பிடித்த இறாலில்தான் நான் டிகிரி வாங்கினேன். அறிக்கையோ மறுநாள் போகிறது.

காலையில் முதல் வேலையாக எங்கள் ஆபீஸ் இன்ஜினியர் சாரிடம் சொன்னேன்.

"கையாலயா? இறால் என்ன தம்பி, வந்து கையில உட்காருமா?" கோபப்படவில்லை. நம்பவும் இல்லை.

"ஒரு தடவ வந்து பாருங்க சார்."

வந்தார். தண்ணீர் வடிகிற நேரம். சித்தி கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்ந்தாள். இறால் போடும் ஓலைப்பை பல்லிடுக்கில். சார் கரையிலிருந்து பேட்டி எடுத்தார்.

"எத்தனை வருஷமா இந்தத் தொழில் பண்றீங்கம்மா?"

"ம்ம்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைக்கும்?"

"ம்ம்ம்."

"என்ன தம்பி, பேச மாட்டாங்களா?"

"வாயத் தொறந்தா பை போயிடும் சார்."

கரையேறியவள் பையைக் கவிழ்த்தாள். உயிரோடு துள்ளிய பொடிசுகளைப் பொறுக்கித் தண்ணீரில் விட்டாள்.

"அதை ஏம்மா விடறீங்க?"

"இன்னிக்கே எல்லாத்தையும் துன்னுட்டா, அடுத்த மாசம் யார் ஊட்டுக்கு சார் போறது?"

நாட்டின் நீடித்த வளர்ச்சியில் பழங்குடிகளின் பங்கு – கல்லூரியில் இந்தத் தலைப்பில் பத்து நிமிடம் பேசிக் கைதட்டல் வாங்கியவன் நான். அந்தப் பேச்சில் சித்தி இல்லை. இறாலும் இல்லை. இயற்கையில் சுவடு பதிக்காமல் பிழைக்க வேண்டும் என்கிறோம். அப்படிப் பிழைக்கிறவர்களை, சுவடே காணோமே என்று கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம். பங்கு இருக்கட்டும்… ஆள் இருப்பது முதலில் தெரிய வேண்டாமா?

ஆபீஸுக்குத் திரும்பியதும் சார் படிவத்தின் அடியில் மூன்றாவது கேள்வியைத் தன் கையாலேயே எழுதினார் – கையால் பிடிப்பவர்கள் எத்தனை பேர்? வீடு வீடாக ஓடிப் பேர் எழுதி எண்ணி வந்தேன். வரைபடத்தில் பாலம் ஏறியது. மாலையில் அறிக்கை போன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஓடிப்போய்ச் சித்தியிடம் சொன்னேன்.

"இதுலயாச்சும் என் பேர எய்தினியா?"

"மொத பேரே உன்னுதுதான் சித்தி."

"தோ பார்றா. படிச்சவன் இப்பத்தான் ஒரு வேலை செஞ்சிக்கிறான்."

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். என் பூஜ்யங்களுக்கு அடியில் மூன்றாவது கேள்வி எழுத ஒருவர் வந்து பார்த்தார். யாரும் வந்து பார்க்காத பூஜ்யங்கள் எத்தனை ஃபைலில் இருக்கின்றனவோ…