ரத்தம் வராத அடி

அவசரப் பிரிவில் பதினேழு வருஷம் நர்ஸாக இருந்ததில் ரத்தத்தைப் பார்த்துப் பயப்படுவது போயே போய்விட்டது; ரத்தமே வராத அடியைப் பார்த்தால்தான் பயம். என்னைப் போலவே நொந்துபோன சக நர்ஸ்களே, சேகர் வந்த கதையைக் கேளுங்கள்.

இரண்டு சோடா

ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் சேகருக்கு வேலை. தோலைப் போட்டுச் சுற்றும் பெரிய மர ட்ரம்மின் கதவு கழன்று நெஞ்சில் மோதியிருக்கிறது. மோதியது காலையில். சூப்பர்வைசர் அவரைக் கூட்டி வந்ததோ மதியச் சாப்பாடு முடிந்த பிறகு. முகம் வெளுத்து, கழுத்து நரம்பு புடைத்து, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்று கத்தினேன்.

“ரத்தம் ஒண்ணும் வர்லயே சிஸ்டர். வாயுவா இருக்கும்னு ரெண்டு சோடா வாங்கிக் குடுத்தேன். இன்னா இப்ப?”

ஒட்டாத ஸ்டிக்கர்

ஈ.சி.ஜி. ஸ்டிக்கர் நெஞ்சில் ஒட்டவே இல்லை. எங்கே பார்த்தாலும் எண்ணெய். ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து ஒட்டினேன். வீணாய்ப் போன அந்த நிமிஷங்களுக்கு யார் பதில் சொல்வது? ஸ்கேனில் பார்த்தால், இதயத்தைச் சுற்றியுள்ள பையில் ரத்தம் தேங்கி, இதயத்தை விரியவிடாமல் நெருக்கிக்கொண்டிருந்தது. வெளியே வராத ரத்தம் அங்கேதான் இருந்தது. எண்ணெய் தேய்த்தது யார் என்று கேட்டேன். கூட வந்திருந்த சேகரின் தோஸ்த் பெருமையாக முன்னால் வந்தார்.

“நாந்தான் சிஸ்டர். சுளுக்குன்னு நல்லா அழுத்தி நீவினேன், அப்பவும் கேக்கல.”

பைக்

ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடுகிறோம். சூப்பர்வைசர் டூட்டி டாக்டரிடம் குழைகிறார், பைக்கிலிருந்து விழுந்ததாக எழுதக் கூடாதா என்று. உயிர் நிற்குமா என்றே தெரியாத நேரத்தில் இந்த ஆளுக்குத் தொழிற்சாலை மேல் கேஸ் வரக் கூடாதே என்ற கவலை! அறைந்திருப்பேன், யூனிஃபார்ம் தடுத்தது. சேகரின் மனைவி செல்வி அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“அவருக்கு பைக்கே ஓட்டத் தெரியாது சார்!”

பழக்கூடை

டாக்டர் ட்ரம் கதவு என்றே எழுதினார். சர்ஜன் நெஞ்சைத் திறந்து, தேங்கிய ரத்தத்தை எடுத்து, இதயத்தின் வலது மேலறையில் இருந்த கிழிசலைத் தைத்தார். சேகர் பிழைத்தார்.

நான்காம் நாள் வார்டுக்குப் பார்க்கப் போனேன். வாக்குமூலம் எழுதப் போலீஸ்காரர் வந்திருந்தார். அவருக்கு முன்பே சூப்பர்வைசர் வந்து போயிருந்தார். கட்டில் பக்கத்தில் பழக்கூடை. செல்வி தலை நிமிரவில்லை. எப்படி அடிபட்டது என்று போலீஸ்காரர் கேட்டதும், சேகர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“பைக்ல இருந்து விழுந்துட்டேன் சார்.”

சர்ஜன் தைத்தது இதயத்தை மட்டும்தான். வாயைத் தைத்தவர் பெயரை எழுத எங்கள் ரெஜிஸ்டரில் கட்டமே இல்லை.