ரோட்டர் இல்லாமல் நாலு கிலோமீட்டர்

நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குத் தாமதமாக வந்தால் ஒரு பொய்யைக்கூட உருப்படியாகச் சொல்லத் துப்பில்லாதவன் என்பாள். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நேரம் உட்பட.

என் கார் இருபத்தெட்டு வருடப் பழசு. மழை என்றால் அதற்கு ஆகாது. எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று கிண்ணம் மாதிரி ஒன்று இருக்கிறது. அதற்குள் கட்டைவிரல் அளவில் ரோட்டர் என்று ஒரு துண்டு. அது சுற்றிச் சுற்றி நான்கு பிளக்குகளுக்கும் முறைவைத்துக் கரண்ட் கொடுக்கும். உள்ளே கொஞ்சம் ஈரம் இறங்கினால் போதும். வண்டி விக்கும், இருமும், நின்றுவிடும். மெக்கானிக் பாஷையில் ‘மிஸ்ஸிங்’.

எங்கள் மெக்கானிக்கைப் ‘பிளக் அண்ணன்’ என்போம். மழைக்கு ஒரு மாதம் முன்பே ஒரு ரப்பர் கையுறையைக் கையில் திணித்தார்.

“அஞ்சு விரல் நுனியையும் வெட்டிடுங்க சார். ஒயரை ஒவ்வொண்ணா விரல் வழியா விட்டு, மூடி மேல கவுத்து மாட்டிடுங்க. குடை பிடிச்ச மாதிரி. ஒரு சொட்டு இறங்காது.”

“ஞாயித்துக்கிழமை பண்ணிடறேன்ணே.”

“எந்த வருஷத்து ஞாயித்துக்கிழமை?”

சிரித்துவிட்டு வந்தேன். கையுறை டேஷ்போர்டு பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அன்று மாலை ஆறு பத்துக்கு டியூஷனிலிருந்து மகளை ஏற்றிக்கொண்டேன். ஏழு வயது. வழக்கம்போல் பின் சீட்டு. மழை கொட்டித் தீர்த்தது. ரயில் பாலத்துக்கு அடியில் சாலை பள்ளமாக இறங்கும். தண்ணீர் கணுக்கால் அளவுதான் என்று நினைத்து இறக்கினேன்.

நினைத்தது தப்பு.

ஆறு இருபத்து நான்கு. டக்... டக்... டப். வண்டி நின்றது.

“அப்பா, என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல குட்டி. தண்ணி குடிச்சிடுச்சு. துடைச்சா போயிடும்.”

இறங்கினேன். முழங்கால் வரை தண்ணீர். பின்னால் ஒரு வண்டி இல்லை. முன்னாலும் இல்லை. பானெட்டைத் தூக்கி, கிண்ணத்தின் மூடியைக் கழற்றினேன். உள்ளே பனி பிடித்த மாதிரி ஈரம். ரோட்டரை உருவி, சட்டை நுனியில் துடைத்தேன்.

விரலெல்லாம் ஈரம். ரோட்டர் நழுவியது.

பொளக்.

கலங்கிய தண்ணீருக்குள் குனிந்து துழாவினேன். சேறு... கல்... ஏதோ செருப்பு. ரோட்டர் இல்லை. இனி இந்த வண்டி கிளம்பாது. தண்ணீர் என் தொடையைத் தொட்டது. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் வழி. கழற்றியதை மாட்டியே பழகிய கை, வெற்றுக் கிண்ணத்தின் மேல் மூடியை மாட்டி பானெட்டைச் சாத்தியது.

பின் கதவை இழுத்தேன். வரவில்லை. இன்னொரு பக்கம். அதுவும் வரவில்லை. முன் கதவு மட்டும் திறந்தது. உள்ளே பாய்ந்து அவளை முன்னால் இழுக்கக் கை நீட்டினேன்.

அவள் அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“சாவியைத் திருப்புப்பா.”

“கிளம்பாது குட்டி. வா, இறங்கலாம்.”

“திருப்பு. கிளம்பும்.”

தண்ணீர் கதவிடுக்கில் புகுந்து என் பாதத்தை நனைத்தது. எதற்கென்று தெரியாமல் திருப்பினேன்.

ஆறு முப்பத்தொன்று. எஞ்சின் கிளம்பியது.

ஒரு விக்கல் இல்லை. இருமல் இல்லை. புது வண்டி மாதிரி.

மேட்டில் ஏறினேன். கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். வலது கை ஆள்காட்டி விரலை நீட்டி, காற்றில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். வேகமாக. ஒரே சீராக.

“என்ன விளையாட்டு அது? நிறுத்து.”

நிறுத்தினாள்.

டக்... டக்... வண்டி குலுங்கியது.

மறுபடி சுற்றினாள். சீரானது.



“குட்டி... யாரு சுத்தச் சொன்னா?”

“இவங்கதான். வீடு வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாதாம்.”

கண்ணாடியில் அவள் பக்கத்து சீட்டைப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

ஆனால் மெத்தை... அழுந்தியிருந்தது.

நான் திரும்பவில்லை.



நாலு கிலோமீட்டர்.

ஆறு ஐம்பத்தெட்டுக்கு வீட்டு வாசல். அவளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். “பேயறைஞ்ச மாதிரி ஏன் நிக்கறீங்க?” என்றாள் மனைவி. மழை என்றேன். மகள் சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள்.

மறுநாள் பளீரென்று வெயில். மகள் பள்ளி வேனில் போய்விட்டாள். பாலத்தடியில் வண்டி நின்றதைப் போனில் சொல்லியிருந்தேன்; ஒன்பது பத்துக்குப் பிளக் அண்ணன் வந்தார். நான் வண்டிக்குப் பத்தடி தள்ளியே நின்றேன். மூடியைத் திறந்தார்.

“ரோட்டரே இல்லையே. பாலத்துலேருந்து தள்ளிட்டு வந்தீங்களா?”

“ஓட்டிட்டு வந்தேன்.”

“காலையிலயேவா சார்?” வாயருகே கட்டைவிரலைக் காட்டிச் சிரித்தார். “இந்தாங்க, நானே காட்டறேன். உயிரே வராது பாருங்க.”

மூடியை மாட்டி, உட்கார்ந்து, சாவியைத் திருப்பினார்.

கிளம்பியது.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு நிமிடம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். பிறகு அணைத்துவிட்டு, கருவிப் பையைக்கூட எடுக்காமல் நடையைக் கட்டினார். கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது இருபது.

மாலையில் மகளின் பள்ளி டைரியில் வகுப்பு ஆசிரியை எழுதியிருந்தார். அதை அப்படியே தருகிறேன்:

‘இன்று காலை 9.20 மணிக்கு, கணக்கு வகுப்பில், உங்கள் மகள் திடீரென்று எழுந்து நின்று ஒரு நிமிடம் விரலைக் காற்றில் சுற்றினாள். கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தேன். முடியவில்லை. மறுபக்கம் யாரோ பிடித்துச் சுற்றுவது போலிருந்தது. மருத்துவரிடம் காட்டவும். பி.கு.: அவள் கை முழங்கை வரை நனைந்து, சேறாக இருந்தது. வகுப்பறையில் தண்ணீர் ஏதும் இல்லை.’