நிழல் பக்கத்து டிக்கெட்

அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் சீசன் முடிந்ததும், நன்றாக ஆடிய அணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, வேறு ஏதோ ஓர் ஊரில் ஒரே ஓர் ஆட்டம் வைப்பார்கள். பவுல் கேம் என்று பெயர். இருபது வருடம் டெக்சாஸில் இருந்தும் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டிக்கொள்வதைப் பார்க்க எனக்கென்ன தலையெழுத்தா?

ஆனால் அந்த டிசம்பரில் என் மகளின் கல்லூரி டாலஸுக்கு ஆட வந்தது. அவள் கல்லூரி பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிப்பவள். நானும் அவள் அம்மாவும் பிரிந்தபோது அவளுக்குப் பத்து வயது. அவர்கள் இருவரும் நியூ ஜெர்சியில் பார்சிப்பனிக்குப் போனார்கள். நான் டாலஸ் பக்கத்தில் இர்விங் அபார்ட்மென்டிலேயே தங்கிவிட்டேன். அவள் மேடையில் வாசித்து நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் ஆபீஸில் ஏதாவது டெட்லைன் இருக்கும்.

"இதுதான் என் லாஸ்ட் கேம்ப்பா. ஹாஃப் டைம்ல வாசிச்சு முடிச்சதும் மேல பார்ப்பேன். நீங்க கை காட்டணும்," என்றாள் போனில்.

"கண்டிப்பா வரேன்மா. லீவ் போட்டாச்சு."

"டிக்கெட் எந்தப் பக்கம்னு..."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்," என்றேன். எனக்கா தெரியாது? பஸ் ஏறும் முன்பே வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று கணக்குப் போட்டு ஜன்னல் சீட் பிடித்து வளர்ந்தவன் நான். மேற்குப் பக்கம் வாங்கினேன். மத்தியான வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அன்று முழுக்க எனக்கு ஒரே பெருமை.

போய் உட்கார்ந்தால், டிசம்பர் நிழல் எலும்பில் இறங்கியது. எதிர்ப் பக்கத்தில் எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு வெயில் காய்ந்தார்கள். என்னைச் சுற்றி ஒரே சிவப்புச் சட்டை. மகளின் அணிக்கு நீலம். பக்கத்து சீட் வெள்ளைக்காரப் பெரியவர் என் நீலத் தொப்பியைப் பார்த்து, தைரியசாலிதான் நீங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஹாஃப் டைமில் நீலப் பேண்டு மைதானத்துக்குள் வந்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றது. அந்தந்தப் பேண்டு தன் ஆட்கள் உட்காரும் பக்கம் பார்த்துத்தான் வாசிக்குமாம். பெரியவர்தான் சொன்னார். இருநூறு முதுகு, இருநூறு தொப்பி, எல்லாம் ஒரே மாதிரி. பெற்றவனுக்கு முதுகைப் பார்த்தே தெரிய வேண்டாமா? எனக்குத் தெரியவில்லை.

எழுந்து ஓடினேன். பாப்கார்ன் வரிசைகளை இடித்துக்கொண்டு, பாதி ஸ்டேடியம் சுற்றி அந்தப் பக்கம் சேர்வதற்குள் பேண்டு வெளியேறிக்கொண்டிருந்தது. இந்த டிக்கெட்டுக்கு இங்கே விட முடியாது என்று வாசலில் நின்ற அம்மாள் சொல்லிவிட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் பேண்டு பஸ்கள் நேரே ஏர்போர்ட் போய்விட்டன. மகள் போனில் கேட்டாள்: "வந்தீங்களாப்பா?"

"வந்தேன்மா. எதிர்ப் பக்கம் உக்காந்துட்டேன். நிழலா இருக்குமேன்னு."

"இட்ஸ் ஓகேப்பா," என்றாள். நான் வராத ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்லியிருக்கிறாள்.

வீட்டில் ஆட்டத்தை ரெகார்ட் செய்திருந்தேன். போட்டுப் பார்த்தேன். ஹாஃப் டைம் முழுக்க விளம்பரமும் கோட் போட்டவர்களின் பேச்சும்தான். கடைசியில் பத்துப் பதினைந்து விநாடி பேண்டைக் காட்டினார்கள். வாசித்து முடித்து நின்றிருந்தார்கள். இரண்டாம் வரிசையில் என் மகள். கிளாரினெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெயில் பக்கத்து சீட்டுகளில் ஒவ்வொரு வரிசையாகத் தேடினாள். கையைத் தூக்கினாள். யாரும் காட்டவில்லை போலிருக்கிறது, பாதியிலேயே இறக்கிக்கொண்டாள்.

சோபாவில் உட்கார்ந்தபடி நான் கை காட்டினேன்.